பீட் போட்டவர் பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல புது ரிலீஸ் பக்கத்துல ரைம்சேயர்ஸ் லேபிளோட ஆல்பங்களப் பத்தி ஒரு குறிப்பு பாத்தேன். அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல இருந்து வர்ற ஒரு இண்டிபெண்டன்ட் ஹிப்ஹாப் லேபிளுக்கு (பாட்டு வெளியிடுற கம்பெனிக்கு) தமிழ்ப் பத்திரிகைல இடம் குடுத்ததே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல ஒரு கும்புடு. ஆனா அதுல "அட்மாஸ்பியர் என்ற ராப்பர்"னு ஒரு வரி வருது பாருங்க, அதப் படிச்சதுக்கு அப்புறம் மிச்சத்த நிம்மதியா படிக்க முடியல. அட்மாஸ்பியர் ரெண்டு பேருங்க. ஸ்லக் எழுதி ராப் பண்றவரு, ஆன்ட் பீட் போடுறவரு, அதாவது ராப்புக்கு அடியில ஓடுற இசைய உருவாக்குறவரு. 1997ல ஓவர்காஸ்ட் ஆல்பம் வந்ததுல இருந்து இன்னிக்கி வரைக்கும் ஆன்ட் அதுல இருக்காரு, 1995ல லேபிள ஆரம்பிச்ச நாலு பேர்லயும் (ஸ்லக், ஆன்ட், முஸாப், சித்திக்) அவரு ஒருத்தரு, அவ்ளோ பெரிய மனுசன ஒரே வரில காணாம அடிச்சிட்டீங்களே.

சரி, ஏதோ தெரியாம வந்த தப்புன்னு விட்டுடலாம்னு பாத்தா முழுக் குறிப்புலயும் ஒரு இடத்துல கூட பீட் யாருன்னு இல்ல. வரி எப்பிடி, குரல் எப்பிடி, எவ்ளோ வியூஸ், அவ்ளோதான். உங்க சினிமா பக்கத்துல இசையமைப்பாளர் பேரு இல்லாம என்னிக்காவது பாட்டு விமர்சனம் வந்திருக்கா? வராது, வந்தா வாசகர்கள் உங்கள சும்மா விடமாட்டாங்க. ராப்னு வந்தா மட்டும் மைக் புடிச்சவரு ஒருத்தரே எல்லாத்தையும் பண்ணிட்டாருன்னு எப்பிடி முடிவு பண்றீங்கன்னு புரியல. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஆல்பம் பேரு, ராப்பர் பேரு போடுற எடத்துல பீட் போட்டவர் பேரும் வரணும்.

ஏன் இவ்ளோ அடம் புடிக்கிறேன்னா, பிரதர் அலின்னு ஒரு ராப்பர் இருக்காரு, ரைம்சேயர்ஸ்ல பல வருஷம் இருந்தவரு. 2003ல வந்த ஷேடோஸ் ஆன் தி சன் ஆன்ட் போட்ட பீட்ல வந்தது. 2012ல வந்த மோர்னிங் இன் அமெரிக்கா ஜேக் ஒன்னு இன்னொருத்தர் போட்ட பீட்ல வந்தது. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ஆள் அதே ஆள்தான், அதே கனமான குரல், அதே மாதிரி நேரடியா மூஞ்சிக்கு முன்னாடி பேசுற எழுத்து, ஆனா ஆன்ட் பீட்ல அவரு பக்கத்துல உக்காந்து பேசுறாரு, ஜேக் ஒன் பீட்ல மேடைல ஏறி நின்னு கூட்டத்தப் பாத்துப் பேசுறாரு. குரல ஏத்தி எறக்குறது, எந்த எடத்துல நிறுத்துறாரு, எந்த வார்த்தைய இழுக்குறாரு எல்லாமே மாறுது. ட்ரம் எங்க விழுதோ அங்கதான் அவரு மூச்சு விட முடியும், அந்த எடத்த முடிவு பண்றது பீட் போடுறவரு. அப்போ பாட்டுல பாதி அவரோடதுன்னு சொன்னா கூட கம்மிதான். 2025ல பிரதர் அலியும் ஆன்ட்டும் சேந்து சாட்டிஸ்ஃபைடு சோல்னு ஒரு ஆல்பம் விட்டாங்க, ரைம்சேயர்ஸ்ல இல்ல, மெல்லோ மியூசிக் குரூப்னு வேற லேபிள்ல, ஆனா பேரு போடும்போது பிரதர் அலி அண்ட் ஆன்ட்னு ரெண்டு பேரையும் சமமா போட்டாங்க. ராப்பரே பெருந்தன்மையா குடுக்குற எடத்த நாம புடுங்கலாமா?

அட்மாஸ்பியரோட ஜெஸ்சர்ஸ் பத்தி உங்க விமர்சகர் "நீளம் அதிகம்"னு எழுதினாரு, அதுல எனக்கும் சண்டை இல்ல. மொத்தம் 26 பாட்டு, இங்கிலீஷ் எழுத்து ஏ-ல ஆரம்பிச்சு இசட் வரைக்கும் எழுத்துக்கு ஒரு பாட்டு, அதே வரிசைல. அதுல நாலஞ்ச தாராளமா தூக்கியிருக்கலாம், ஆனா தூக்குனா எழுத்து விட்டுப் போகுமே, தானா போய் மாட்டிக்கிட்டாங்க. (இந்த எழுத்து வரிசை மேட்டர் கூட உங்க குறிப்புல இல்ல, அது இல்லாம நீளம்னு மட்டும் சொன்னா படிக்கிறவனுக்கு என்ன புரியும்?) நான் சொல்ல வர்றது வேற. ஆன்ட் ஆரம்பத்துல பழைய சோல் இசை ரெக்கார்டுல இருந்து துண்டு வெட்டி லூப் பண்றதுல (திரும்பத் திரும்ப ஓட விடுறதுல) கெட்டிக்காரரு, அப்புறம் அட்மாஸ்பியரோட 2008 ஆல்பத்துல கிதார் கீபோர்டுனு ஆளுங்கள வச்சு வாசிக்க விட்டாரு, அந்த ஆல்பத்துலதான் பாடகர் டாம் வெயிட்ஸ் வந்து வாயாலயே ட்ரம் சத்தம் போட்டு பீட்பாக்ஸ் பண்ணிட்டுப் போவாரு. இத்தன வருஷமா ஒரே ஜோடி எப்பிடி மாறிக்கிட்டே வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் இந்த 26 பாட்டுல எது புதுசு எது பழைய பழக்கத்துல போட்டதுன்னு சொல்ல முடியும். எனக்குக் கேட்டவரைக்கும் ஸ்லக் சில எடத்துல சுத்திச் சுத்தி ஒரே விஷயத்துக்கு வர்றாரு, அங்கெல்லாம் பாட்ட தாங்கிப் புடிக்கிறது ஆன்ட்தான்.

அடுத்து அதே லேபிள் ராப்பர் ஏசாப் ராக். அவரோட பிளாக் ஹோல் சூப்பரெட் ஆல்பத்துக்கு எழுதும்போது மறுபடியும் அந்த வார்த்தை எண்ணிக்கைக் கதை. 2014ல மாட் டேனியல்ஸ் போட்ட சார்ட், ஒவ்வொரு ராப்பரோட மொதல் 35,000 வார்த்தைல எத்தன வேற வேற வார்த்தைன்னு எண்ணுனது, ஏசாப் ராக் 7,392 வார்த்தையோட எல்லாரையும் தாண்டி முன்னாடி இருந்தாரு, உண்மைதான், ஆனா அத இன்னும் எத்தன வருஷம்தான் சொல்லிக்கிட்டே இருக்கிறது. அவரு இப்ப தன் ஆல்பத்துக்குத் தானே பீட் போட்டுக்கிறாரு, அது உங்க குறிப்புல இல்ல. மீன் தொட்டிக்குள்ள வந்த நத்தை பெருகிப் பெருகி வீட்டுக்காரன் மண்டை காயறதப் பத்தி ஒரு முழுப் பாட்டு இருக்கு அந்த ஆல்பத்துல, அவ்ளோ அடர்த்தியான வார்த்தைய மூச்சு முட்டாம கேக்க முடியுதுன்னா காரணம் அந்த பீட்ட போட்டவருக்கு ராப்பர் எங்க நெருக்கிப் பேசப் போறாருன்னு முன்கூட்டியே தெரியும், ஏன்னா ரெண்டும் ஒரே ஆளு. இதே லேபிள்ல 2004ல எம்எம் ஃபுட் விட்ட எம்எஃப் டூம் பீட் போடும்போது மெட்டல் ஃபிங்கர்ஸ்னு தனிப் பேரே வச்சுக்கிட்டாரு, வெறும் பீட்டாவே வரிசையா ஆல்பம் விட்டாரு. அந்த வேலைக்கு அவ்ளோ மரியாதை.

வியூஸ் பத்தி ஒரு வார்த்தை. "பெரிய கம்பெனி கண்ணில் படாத கலைஞர்கள்"னு பரிதாபமா முடிச்சிருந்தீங்க. 2008ல அதே அட்மாஸ்பியர் அமெரிக்க ஆல்பங்களோட பில்போர்ட் 200 லிஸ்ட்ல 5ஆவது எடத்துல வந்து எறங்குனாங்க, கண்ணுல எல்லாம் நல்லாவே பட்டாங்க. யாரும் யாரையும் காத்துக்கிட்டு உக்காந்திருக்கல.

பழைய ரெக்கார்டுல அட்டையத் திருப்புனா பின்னாடி எல்லாம் இருக்கும், யாரு பீட், யாரு கட்டிங், எந்த ஸ்டூடியோ, யாரு மிக்ஸிங். இப்ப ஆப்ல பாட்டுப் பக்கத்துல இருக்குற மூணு புள்ளிய அமுக்கி, கிரெடிட்ஸ்னு தேடிப் போய் பாக்கணும், அதுவும் எல்லாப் பாட்டுக்கும் சரியா இருக்காது. யாரு போறா? அதனாலதான் பத்திரிகைக்காரங்க நீங்க போடணும்னு கேக்குறேன். கூடுதலா அரை வரிதான் ஆகும். ஸ்டார் ரேட்டிங்குக்கு ஒதுக்குற எடத்தக் குறைச்சாலே போதும், அந்த மூணரை ஸ்டார பாத்து யாரும் பாட்டு கேக்குறதில்ல.

அடுத்த இதழ்ல திருத்தம் போடுவீங்கன்னு நம்புறேன். போடும்போது ஸ்லக், ஆன்ட் ரெண்டு பேரையும் போடுங்க, ஆன்ட் பேர மொதல்ல போட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல.

இப்படிக்கு,
உங்க இசைப் பக்கத்த விடாம படிக்கிற வாசகன்