பண்டிகை கமிட்டிக்கு, பாஞ்சாலிய பாதியில விட்டது பத்தி

ஊர் மாரியம்மன் பண்டிகை கமிட்டி பெரியவங்களுக்கு வணக்கமுங்க. உங்கள்ல பாதிப்பேரு எனக்கு மாமன் முறை, மீதி பங்காளி, நேர்ல பேசினா சண்டையில முடியும்னுதான் எழுதறேன்.

ஆடி பண்டிகை ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும். நோட்டீஸ்ல ஆறு மணிக்கு தெருக்கூத்துன்னு போட்டீங்க, ஆனா மேடையில ஆர்கெஸ்ட்ரா, முதல் பாட்டு மட்டும் அம்மன் பாட்டு, அப்புறம் எல்லாம் குத்துதான். பாஞ்சாலி வேஷக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். அஞ்சு மணிக்கே அரிதாரம் பூசி, சேலை கட்டி, ரேஷன் கடைத் திண்ணையில உக்காந்துட்டாரு. டீ வாங்கிட்டுப் போனேன், வேஷம் கட்டினா வாயில எதுவும் வெக்கறதில்ல தம்பின்னாரு. வேர்வை இறங்கி கன்னத்துல ரெண்டு கோடு விழுந்துடுச்சு, உடைஞ்ச கைக்கண்ணாடியப் பாத்து அதையே தொட்டுத் தொட்டு சரி பண்ணிக்கிட்டிருந்தாரு, நாலு மணி நேரமா.

ஒம்போதே காலுக்கு மேடை குடுத்தீங்க. துச்சாதனன் முந்தானையப் பிடிச்சு இழுக்கறான், பொம்பளைங்க சூடம் ஏத்தி கும்பிடறாங்க, பத்து மணி ஆச்சுன்னு மைக்க ஆஃப் பண்ணிட்டீங்க. கிருஷ்ணன் வேஷக்காரரு திரைக்குப் பின்னாடியே நின்னுட்டாரு. சேலை குடுக்கக்கூட ஆளு வராம ஒரு பாஞ்சாலிய எந்த ஊர்லயாவது வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களா?

போலீஸ குத்தம் சொல்லல. ராத்திரி 10லருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000லயே விதி வந்தாச்சு. அதே விதியில, கோயில் விசேஷம் கலை நிகழ்ச்சிக்கெல்லாம் வருசத்துல 15 நாளைக்கு மேல போகாம ராத்திரி 12 வரைக்கும் அரசு விட்டுக்குடுக்கலாம்னும் இருக்கு. நீங்க கேட்டுப் பாத்தீங்களா? நான் கேக்கறது இதுதான், ஏழு மணிக்கு கூத்து ஆரம்பிக்கட்டும், 12 வரைக்கும் அனுமதி வாங்குங்க. அந்தக் காலம் மாதிரி விடிய விடிய வேணாம், அஞ்சு மணி நேரம் போதும்.

சனங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லன்னு சொல்லாதீங்க. சேலம் குகை ஏரியாவுல வண்டி வேடிக்கைக்கு, வண்டியில சாமி வேஷம் கட்டி வர்றவங்களப் பாக்க நிக்கற கூட்டத்துல நம்ம ஊரு ஆளுங்களும்தான இருக்காங்க. தாரமங்கலம் கோயிலுக்குப் போனா சிங்கத்து வாய்க்குள்ள உருள்ற கல்லு உருண்டையக் காட்டி எப்பேர்ப்பட்ட கலைன்னு பசங்களுக்கு சொல்லித் தர்றோம். கல்லுக்கு நம்மள விட்டா ஆளில்லன்னு நெனப்பு, கண்ணு முன்னாடி வேர்க்க வேர்க்க ஆடறவருக்கு மட்டும் டைம் இல்ல. டவுன்ல ஏசி ஹால்ல இருபது நிமிசம் ஆட வெச்சு சால்வை போடறாங்க, அதுக்கு பேரு பாரம்பரியம். இங்க ஃப்ளெக்ஸ்ல அம்மன் படம் தபால் தலை சைசு, கமிட்டி படம் ஆளுயரம், அதுக்கு பேரு பக்தி. சரி விடுங்க, அதுக்காக எழுத வரல.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், அடுத்த ஆடிக்கு கூத்து முதல்ல, ஆர்கெஸ்ட்ரா வேணும்னா மறுநாள் வெச்சுக்கங்க. இன்னொண்ணு, ஆட்டம் முழுசா ஆடலன்னு கூத்துக்காரங்க சம்பளத்துல ஆயிரம் ரூபா பிடிச்சீங்களாமே. அதை இந்த வாரமே அனுப்பிடுங்க மாமா, கூத்து வாத்தியாரு நம்பரு என்கிட்ட இருக்கு.