கண்ணில் பூ விழுவதற்கு முன்

மதுரை
மாசி முதல் வாரம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மை தொட்ட நேரம், அண்ணனிடமிருந்து போன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பஸ், ஊர் என்று நாட்கள் போய்விட்டன. குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா? சம்பந்தி வீட்டார் மூன்று பெயர் சொல்லியிருப்பார்கள். நீ நான்காவதாக ஒன்றைச் சொல்லிப் பிடிவாதமாக நின்றிருப்பாய். ஹாஸ்டலில் பூனைக்குட்டிக்குப் பெயர் வைத்தபோதே உன்னைப் பார்த்தவள் நான்.

அண்ணன் விஷயத்தைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் இந்தத் தை அறுவடைக்கு இயந்திரம்தான் வந்தது. ஆனால் வாய்க்கால் ஓரத்து ஈர மூலையில் அது இறங்காது. அந்த நாலு சென்ட்டை அண்ணன் அரிவாள் எடுத்து அறுத்தார். அறுபத்தெட்டு வயதில் இது எதற்கு என்று அண்ணி கேட்டாளாம், பதில் இல்லை. குனிந்தபோது தாளின் நுனி வலது கண்ணில் அடித்தது. அன்று மாலை அண்ணி விளக்கெண்ணெய் விட்டாள். மறுநாள் பக்கத்து ஊரில் கண்ணில் தூசு எடுக்கும் கிழவியிடம் போனார். மூன்றாம் நாள், ஒரு மருந்துக்கடையில் கண் சிவந்திருக்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கினார். போட்டதும் சிவப்புக் குறைந்தது, வலியும் தேவலை. மறுபடி களத்துக்குப் போய்விட்டார். எனக்குப் போன் செய்தது எட்டாம் நாள். அதுவும் எப்படி? "சின்ன விஷயம்தான், உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்த்தேன்."

முப்பது வருடம் கருவிழிப் புண்ணைச் சுரண்டி எடுத்த துகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. என் கூடப் பிறந்தவருக்கு நான் தொந்தரவு ஆகிவிட்டேன்.

அந்த மருந்துச் சீசாவை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பு ஏன் குறைந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது. புண்ணில் பூஞ்சை இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால், உடம்பு காட்டும் எதிர்ப்பை அது அடக்கிவிடும். பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். கண் பார்ப்பதற்குத் தெளிந்தது போலிருக்கும், உள்ளே புண் ஆழப்பட்டுக்கொண்டே போகும்.

அண்ணன் கண்ணில் சுரண்டிய துகள் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கே வந்தது. அங்கே இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். நல்ல பெண், என்னை நுண்ணோக்கியில் பார்க்கவிட்டாள். பத்துச் சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய சில்லை மூடிப் பார்த்தால், திசு கரைந்து தெளிய, பூஞ்சை மட்டும் இழை இழையாக நிற்கும். கிளை பிரிந்த, கணுக் கணுவான இழைகள். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறது என்று கூடச் சில நாள் நினைத்ததுண்டு. அன்று நினைக்க முடியவில்லை. அவள் வளர்ப்புத் தட்டில் சி எழுத்து வடிவில் கோடு கோடாகத் துகளைத் தடவி வைத்தாள். அந்தக் கோட்டின் மேல் முளைத்தால் கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே முளைத்தால் காற்றிலிருந்து விழுந்தது. கோட்டின் மேலேயே வெள்ளைப் பஞ்சு போல முளைத்தது. பியூசேரியம். மண்ணிலும் வைக்கோலிலும் காய்ந்த தாளிலும் குடியிருக்கும் பூஞ்சை.

இங்கே இது புதிதல்ல. 1994ஆம் ஆண்டு தொடக்கத்தில், மூன்றே மாதத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராய்ந்தார்கள். 284 பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 பேரில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140, பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139. கிட்டத்தட்டச் சரிபாதி! பூஞ்சைகளில் முதலிடம் இந்தப் பியூசேரியத்துக்குத்தான். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11.3 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்றும் அந்தக் காலத்தில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் வருவதைப் போலப் பத்து மடங்கு.

அண்ணனுக்கு நாட்டாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் தந்த மருந்து. ஊர்ப் பெயரே மருந்துக்கும் வந்துவிட்டது. பாலாடைக் கட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் இதைத்தான் பூசுகிறார்கள். இதற்குப் போட்டியாக வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தபோது, பழையது ஓய்வு பெறவேண்டியதுதான் என்று எங்கள் ஆய்வகத்திலேயே பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நம்பினேன். மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் கண் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறை. கொடுப்பவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. 2013இல் முடிவு வந்தது. பழைய மருந்தே மேல். அதிலும் பியூசேரியத்துக்கு வித்தியாசம் மிகவும் துலக்கமாக இருந்தது. மருத்துவர் அனுபவம், புதுமை மோகம், மருந்து விற்பவரின் பேச்சு எல்லாவற்றையும் ஒரு குலுக்கல் ஓரங்கட்டிவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் குலுக்கல் சோதனை மேல் ஒரு பக்தி.

அந்தப் பக்திதான் இப்போது என்னைச் சங்கடத்தில் விட்டிருக்கிறது. சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் 34,902 பேரை இரண்டு வருடம் கண்காணித்தார்கள். கருவிழியில் கீறல் பட்டவுடன் ஊர் சுகாதார ஊழியரிடம் வந்தால், குளோராம்பெனிகால் என்ற பாக்டீரியாக்கொல்லிக் களிம்பு. நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். அவ்வளவே வைத்தியம். களிம்பு போட்ட 442 பேரில், பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284. ஒருவருக்குக் கூடப் புண் வரவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்து நாலு மணிக்குள் வந்த 109 பேரில் நாலு பேருக்கு வந்தது. அதற்கும் மேல், இரண்டாம் நாள் வரை தாமதித்த 49 பேரில் பதினான்கு பேருக்கு வந்தது. 2001இல் இது வெளிவந்தபோது அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். பிறகு நம் பக்கத்துக் கிராமங்களிலும் செய்தார்கள்: 48,039 பேர், பதினெட்டு மாதம், பதினைந்து கிராம ஊழியர்கள். கீறல் பட்ட 374 பேரில் 368 பேருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆறிவிட்டது. இதில் எல்லோருக்கும் அதே குளோராம்பெனிகால் களிம்பு; அதோடு பாதிப் பேருக்குப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பும் கொடுத்தார்கள். இரண்டு கட்சியும் ஒரே மாதிரி ஆறின.

அதிலிருந்து நான் களிம்புப் பிரசாரகி ஆனேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், டாக்டரிடம் எழுதி வாங்கிய டியூப் ஒன்றை அண்ணன் வீட்டில் கொடுத்து, "கண்ணில் ஏதாவது பட்டால் அன்றைக்கே போடுங்கள், போட்டுவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்" என்று பாடம் நடத்துவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

போன வாரம் அண்ணனின் துணி எடுக்க ஊருக்குப் போனேன். சாமி படத்துக்குப் பின்னால் மூன்று டியூப் இருந்தது. ஒன்றின் உறைகூடப் பிரிக்கவில்லை. மற்ற இரண்டும் காலாவதியாகியிருந்தன. அண்ணியைத் திட்ட வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

நேபாளத்திலேயே பிறகு பெரிதாக ஒரு சோதனை செய்தார்கள். இருபத்து நாலு கிராமக் குழுக்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியில் பெண் சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் களிம்பும் கொடுத்தார்கள். மறு பாதியில் வழக்கம் போல விட்டார்கள். 2022இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் கருவிழிப் புண் ஒரே அளவில்தான் வந்தது. களிம்புத் திட்டத்தால் குறையவில்லை. அப்போது அதைப் படித்துவிட்டு, எங்கோ தவறு நேர்ந்திருக்கும் என்று மடித்து வைத்துவிட்டேன். பழைய மருந்துக்கு ஆதரவாக வந்த குலுக்கலை நம்பியவள், நான் நம்பிய களிம்புக்கு எதிராக வந்ததும் குறை தேடினேன். சாமி படத்துக்குப் பின்னால் அந்த டியூப்களைப் பார்த்த பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

யோசித்துப் பார்த்தால் பக்தபூரில் ஒப்பிட்டுப் பார்க்க மறு தரப்பே கிடையாது. சீக்கிரம் வந்தவர்கள் களிம்பால் தப்பித்தார்களா, தானாகவே ஆறியிருக்குமா? பெரும்பாலான கீறல் தானே ஆறக்கூடியது. இரண்டாம் நாள் வந்தவர்களில் பலர், ஆறாமல் உறுத்தியதால்தான் வந்திருப்பார்கள். முப்பது வருடம் சி எழுத்துக் கோட்டுக்கு உள்ளே எது, வெளியே எது என்று பிரித்துப் பார்த்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும். களிம்பு வீண் என்று நான் சொல்லவரவில்லை. அடிபட்ட கண்ணை அன்றே காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறுவடை நாளில், மழை வரும் போலிருக்கும்போது, கண் உறுத்துகிறது என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறவர் யார்? டியூப் வீட்டில் இருந்தது, மருந்து தெரிந்த தங்கை மதுரையில் இருந்தாள். இரண்டும் அண்ணனுக்கு உதவவில்லையே.

இங்கேதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. பட்டறையில் அந்தப் பையனுக்கு இரும்புச் சீவல் கண்ணில் பாய்ந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில் மாலையாகத் தொங்கியது என்றும், பார்வை போன கண்ணுக்குச் சம்பாதிக்கும் திறனில் முப்பது சதவீதம் நஷ்டம் என்று அதிகாரி ஒருவர் அட்டவணையைப் பார்த்துச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் போட்ட கணக்கு அது; கண்ணையே எடுக்க நேர்ந்தால் நாற்பது. பாழாய்ப் போன கணக்கு என்று உனக்குக் கோபம். நியாயம்தான். ஆனாலும், கோமதி, உன் பட்டறைப் பையனுக்கு ஒரு கணக்காவது இருக்கிறது. துகள் தெறிக்கும் வேலைக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆம் பிரிவை நீ சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். வயலுக்கு அந்தச் சுவர் எங்கே இருக்கிறது? அண்ணனுக்கு அவரே முதலாளி, அவரே கூலி. யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பார்?

நீ முதலுதவி அறையில் உட்கார்ந்து, "கண்ணாடி போடு, கண்ணாடி போடு" என்று கத்துவதை நான் கேலி செய்திருக்கிறேன். ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கி, உன்னுடையது வாத்தியார் வேலை என்று ஒரு தடவை சொன்னதாக ஞாபகம். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், ஏற்றுக்கொண்டு விடு. தாள் கண்ணில் படாமலே போயிருந்தால் என் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு வேலையே இல்லை. (கண்ணாடியையும் ஊர் ஊராகக் குலுக்கிச் சோதித்துப் பார்க்கட்டுமே என்று நீ மடக்குவாய். பார்க்கட்டும். முடிவு வரும்வரை அண்ணனை வெறுங்கண்ணோடு வயலில் இறங்கவிட எனக்குத் தைரியமில்லை.)

அண்ணன் இப்போது தேவலை. மணிக்கு ஒரு சொட்டு என்று முதல் வாரம் நானே போட்டேன். அலாரம் வைத்து, சமையல் பாதியில் ஓடி வந்து. புண் மூடிவிட்டது. ஆனால் கருவிழி நடுவில் பூ விழுந்துவிட்டது. வெள்ளையாக, ஒரு மிளகு அளவுக்கு. அந்தக் கண்ணால் விரலை எண்ணுகிறார், முகம் தெரியவில்லை. தானமாகக் கிடைக்கும் கருவிழியைப் பொருத்துவது பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்கிறார்கள். இதற்கெல்லாம் அவர் சொல்வது, "இன்னொரு கண் இருக்கிறதல்லவா?" என்பதுதான். அந்த இன்னொரு கண்ணைப் பற்றித்தான் எனக்குப் பயம். சித்திரையில் எள் அறுப்பு இருக்கிறதாம்.

மதுரையில் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடம் போட்டார். வியர்வையில் ஆவி படிந்து, நல்ல கண்ணும் மறைகிறது என்று கழற்றிவிட்டார். அவர் சொல்வதிலும் குற்றமில்லை. நானும் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பதிலாகக் கம்பி வலை வைத்த மாதிரி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். காற்றுப் போய்வரும், ஆவி படியாது, தாள் நுனியும் உள்ளே வராது. உங்கள் இரும்புச் சீவலுக்கு அது உதவாது, வலைக்குள் நுழைந்துவிடும். ஆனால் எள்ளுக்கும் நெல்லுக்கும் போதும் என்று நினைக்கிறேன். கோவையில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகள் உனக்கு அத்துப்படி. பங்குனியில் பேத்தியைப் பார்க்க வருகிறேன்; அதற்குள் மூன்று வாங்கி வை. அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, கூட அறுக்க வரும் பக்கத்து வயல்காரருக்கு ஒன்று. அண்ணன் தலை பெரியது, ரப்பர் பட்டை நீளமாக இருக்கட்டும். பணத்தை நேரில் தருகிறேன், வேண்டாம் என்று நாடகம் போடாதே.

அன்புடன்,
உன் வசந்தா