"பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகலாம்" என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மேற்படிப்பில் எந்தப் பிரிவை எடுத்தால் என்ன வருமானம் என்று தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். இதய மருத்துவத்துக்கு ஒரு பக்கம், எலும்பு மருத்துவத்துக்கு அரைப் பக்கம் என்று ஒதுக்கியவர், திசுவையும் ரத்தத்தையும் பரிசோதித்து நோயைக் கண்டறியும் என் துறையான பேத்தாலஜிக்கு நான்கே வரிகள் கொடுத்திருக்கிறார். இடம் குறைவாகக் கொடுத்ததற்காக நான் எழுதவில்லை. "நோயாளிகளின் தொல்லை இல்லை, அவசர அழைப்பு இல்லை, பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகலாம், குடும்பப் பெண்களுக்கு ஏற்ற துறை" என்ற வரிக்காகத்தான் எழுதுகிறேன். என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கப்படும் இதழ் இது. வேறெங்காவது இதைப் படித்திருந்தால் மடித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

அவசரம் இல்லையாம். சினைப்பையில் கட்டி என்று ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சாதாரணக் கட்டியா, புற்றா என்பது தெரிந்தால்தான் கர்ப்பப்பையை விட்டுவைப்பதா, எடுப்பதா என்று அறுவை மருத்துவர் முடிவு செய்ய முடியும். ஒரு துண்டு எங்கள் அறைக்கு ஓடிவரும். அதை உறையவைத்துச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, ஏறத்தாழ 20 நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஃப்ரோசன் செக்‌ஷன் என்பார்கள். அந்த 20 நிமிடமும் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், அறுவை அரங்கமே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு குழந்தை பிறக்குமா என்பது எங்கள் பதிலில் இருக்கிறது. நான் யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இரவு பதினொரு மணிக்கு என்னை வீட்டிலிருந்து அழைத்த நாள்களும் உண்டு. காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று வந்த ஒரு கல்லூரி மாணவனின் ரத்தத்தை ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில்) பூசி அப்படித்தான் பார்த்தேன். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதில் மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆள் போய்விடலாம். அந்தப் பிள்ளை பிழைத்தான். அந்த இரவுக்கு எனக்கு ஒரு ரூபாய்கூடத் தனியாக வரவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் அப்படி ஓர் இரவே எங்களுக்கு இல்லை என்று அச்சில் வந்தால் தாங்க முடியவில்லை.

நாள் முழுவதும், உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் ஆவியில் நின்று உறுப்புகளை அறுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில், காற்று வெளியேற்றி கேட்டுக் கடிதம் மேல் கடிதம் கொடுத்தேன். "மேடம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார் நிர்வாக அலுவலர். எக்ஸ்ரே அறைக்குச் சுவரில் ஈயத் தகடு வைத்த அதே மருத்துவமனை அது.

குடும்பப் பெண்களுக்கு ஏற்ற துறை என்ற சொல்லால்தான் எங்கள் சம்பளம் குறைகிறது என்பதைக் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டும். தனியார் மருத்துவமனை நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "உங்கள் கணவரும் டாக்டர்தானே?" என்பது. அதற்குப் பிறகு சொன்ன தொகை, என்னோடு படித்த மயக்க மருத்துவருக்கு அங்கே கொடுத்ததில் பாதிகூட இல்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு அவருக்கும் எனக்கும் ஒன்றுதான்.

அந்த மருத்துவமனையில் எங்கள் உழைப்பை அளந்த முறையையும் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் மேலாளர் ஒரு தாளை நீட்டுவார். இந்த மாதம் இத்தனை பயாப்சி, போன மாதத்தைவிட இத்தனை குறைவு, ஏன்? அவர் கணக்கில் குடல்வால் துண்டும் ஒன்று, புற்றுநோய்க்காக எடுத்த பெருங்குடலும் ஒன்று. குடல்வாலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பெருங்குடல் என்றால் கொழுப்பை விரலால் தடவித் தடவி நிணநீர்க் கணுக்களைத் தேட வேண்டும். குறைந்தது 12 கணுக்களாவது பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுதும் ஏற்ற நெறி. நான்கோடு நிறுத்திவிட்டு "பரவவில்லை" என்று எழுதினால் தாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கீமோதெரபி கிடைத்திருக்க வேண்டியவர் அது கிடைக்காமல் வீட்டுக்குப் போவார். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பேத்தாலஜிஸ்ட்ஸ், சிறிய துண்டுக்குக் குறைந்த புள்ளி, சிக்கலான உறுப்புக்கு அதிகப் புள்ளி என்று வேலைப்பளுவுக்கு அளவுகோலே வகுத்திருக்கிறது. அதைப் பதிவிறக்கி மேலாளரிடம் கொடுத்தேன். அது அவர் மேசையிலேயே கிடந்தது.

அந்த பிரிட்டனிலும் ஆள் போதவில்லை. 2018-ல் அதே அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில், தேவையான அளவு பணியாளர்கள் இருப்பதாகச் சொன்னவை 3 சதவீதத் துறைகள் மட்டுமே. அதனால் நம் பிள்ளைகள் அங்கே தேர்வு எழுதிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே என்ன வேலை இருக்கிறது? கையெழுத்து வேலை இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் பேத்தாலஜி மேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் குஜராத் வழக்கில் உறுதி செய்தது. நாங்கள் மகிழ்ந்தோம். சில மாதங்களில் ஒரு லேப் உரிமையாளர் வீடு தேடி வந்தார். "டாக்டரம்மா, நீங்கள் வரவே வேண்டாம். கையெழுத்தை ஸ்கேன் செய்து கொடுங்கள். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும்." அதே பணத்துக்குத் தினமும் வந்து பார்த்துவிட்டே கையெழுத்திடுகிறேன் என்றேன். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்த லேப் இன்றும் நடக்கிறது. எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு மருத்துவரின் பெயர் அதன் ரிப்போர்ட்டுகளில் அச்சாகி வருகிறது.

தனியாக லேப் நடத்தலாமே என்பார்கள். நடத்திப் பார்த்தேன். 2015-க்குப் பிறகு பெரிய லேப் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்குச் சந்தைக்கு வந்ததும், நம் ஊர்த் தெருக்களில் அவற்றின் மாதிரி சேகரிப்பு மையங்கள் முளைத்ததும் தாங்கள் அறியாததல்ல. ஒரே விலையில் எண்பது பரிசோதனை என்று விளம்பரம் வரும் இடத்தில், ஒரு ஸ்லைடை அரை மணி நேரம் பார்ப்பவள் எப்படித் தாக்குப்பிடிப்பது? இதில் நோயாளியை அனுப்பும் மருத்துவருக்குத் தரகு வேறு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் அதைத் தெளிவாகத் தடை செய்கின்றன. நான் கொடுக்க மறுத்தேன், லேப்பை மூடினேன். இப்போது அதே நிறுவனங்களில் ஒன்று ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தொகைக்குப் பார்த்துத் தருகிறேன். நோயாளி கட்டுவதில் கால் பங்குகூட எனக்கு வருவதில்லை.

அரசுப் பணி பற்றியும் கட்டுரையில் "நிம்மதியான சம்பளம்" என்று இருந்தது. அரசு மருத்துவர்களின் ஊதியம், பதவி உயர்வு பற்றி 2009-ல் வந்த அரசாணை 354-ன் பலன் முழுமையாக வேண்டும் என்று பத்து ஆண்டு கேட்டுப் பார்த்த பிறகுதான் 2019-ல் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகப் பலரை இடம் மாற்றினார்கள், உயர் நீதிமன்றம் போய்த்தான் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அப்போது எங்கள் பக்கம் நின்று எழுதிய இதழ் தங்களுடையது. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த வரி கூடுதலாக வலிக்கிறது.

2023-ல் நீட் முதுநிலைத் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ஜியம் பெர்சென்டைலுக்கு, அதாவது தேர்வு எழுதிய எல்லோரும் தகுதி பெறும் அளவுக்கு, இறக்கினார்கள். நிரம்பாமல் காலியாகக் கிடந்த இடங்களுக்காகத்தான் அது; அவற்றில் பெரும்பாலானவை நோயாளியை நேரில் பார்க்காத பிரிவுகளின் இடங்கள். அடுத்த கலந்தாய்வுக்குத் தயாராகும் ஒரு பிள்ளை தங்கள் கட்டுரையைப் படித்து, வீட்டு வேலைக்கு இடைஞ்சல் இல்லாத படிப்பு என்று நினைத்து இதை எடுத்தால், முதல் ஃப்ரோசன் செக்‌ஷனில் அவள் உடைந்துபோவாள். உண்மையாக இதை நேசிக்கக்கூடிய இன்னொரு பிள்ளை, இது இரண்டாம் தரம் என்று ஒதுங்கிப்போவாள். நான் இந்தத் துறையைக் கேட்டு எடுத்தவள். நுண்ணோக்கியில் ஒரு செல்லின் உட்கருவைப் பார்த்து நோயைப் பெயர் சொல்லி அழைக்கும்போது வரும் நிறைவு இன்றும் குறையவில்லை.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம், கட்டுரை வந்த அதே பக்கத்தில். இடமிருந்தால் அதன் கீழே வாசகர்களுக்கு இரண்டு செய்திகள்: லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவரின் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பயாப்சி எடுத்த இடத்தில் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் பாதுகாக்கிறார்களா என்று கேளுங்கள். அடையாறுக்கோ வேலூருக்கோ இரண்டாம் கருத்துக்குப் போக நேர்ந்தால் அவைதான் வேண்டும்.

இன்னும் சில இடங்களில் வேலை பார்க்க வேண்டியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேத்தாலஜி மருத்துவர் ஒருவர்,
பாளையங்கோட்டை.