வயிற்றில் டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும்

வணக்கம்.

பக்கவாதம் வந்து அப்பாவால் விழுங்க முடியாமல் போனதும் வயிற்றில் சின்னத் துளை போட்டு, நேராக இரைப்பைக்குள் நீராகாரம் கொடுக்கும் பெக் டியூப் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று எத்தனை மில்லி கொடுப்பது, டியூப் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள், அதில் குறையே இல்லை. வாயைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. வாயால்தான் எதுவும் சாப்பிடவில்லையே, அப்புறம் பல் எதற்குத் துலக்க வேண்டும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பத்து நாள் இருக்கும், அப்பா கொட்டாவி விட்டபோதுதான் பார்த்தேன். மேலண்ணம் முழுக்கப் பழுப்பாகப் பொருக்கு. ஈரத்துணியை விரலில் சுற்றி, ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன், காய்ந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. அடுத்த வாரம் காய்ச்சல், நிமோனியா, மறுபடியும் ஆஸ்பத்திரி.

மெல்லாத வாயில்தான் அழுக்கு அதிகம் சேரும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது, அது குறைந்துபோனால் கிருமி படிந்தபடியே பெருகும், விழுங்க முடியாதவருக்கு அதே எச்சில் தூக்கத்தில் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும், டியூப் இருப்பதால் அது நின்றுவிடாது. போதாக்குறைக்கு, டியூபை வாய் வழியாக உள்ளே இழுத்து வயிற்றில் வெளியே எடுக்கும் முறையில், வாயிலிருக்கும் கிருமி வயிற்றில் துளை போட்ட புண் வரைக்கும் கூடவே போகலாம். அப்படியென்றால் டியூப் வைக்கும் முன்பே வாய் சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அனுப்பும் முன் கட்டிலருகே நின்று எங்கள் கையாலேயே ஒருமுறை வாயைச் சுத்தம் செய்ய வையுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மிருதுவான சின்ன பிரஷ்ஷில் துளி பேஸ்ட் தொட்டு, பல், ஈறு, நாக்கு எல்லாம் தேய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் துடைத்தோ சக்‌ஷன் (உறிஞ்சும் குழாய்) வைத்தோ எடுப்பதை நேரில் பார்த்தால்தான் பயம் போகும். காலையும் இரவும் செய்யணும், பல்லே இல்லாதவருக்கும் செய்யணும், பல்செட்டை ராத்திரி கழற்றணும் என்று சொல்லுங்கள். டியூப் போட்ட இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ யாரைக் கூப்பிடுவது என்பதையும்தான்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் மில்லி கணக்குக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அடுத்தவருக்கு எழுதும்போது அங்கே வாய்க்கென்று இரண்டு வரி எழுதிக்கொடுங்கள்.