சுரங்க மண்மேட்டில் முதலில் புல் வளரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரியலூர் மாவட்டத்தில் தோண்டி முடித்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பசுமையாக்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை ஆயிரம் கன்று நட்டார்கள் என்ற கணக்கைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கன்றுகள் நின்ற மண் என்ன ஆனது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

என் ஒன்றரை ஏக்கர் கொல்லை ஒரு சுரங்க மண்மேட்டின் அடியில் இருக்கிறது. போன ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை ஓய்ந்ததும் மேட்டில் ஏறிப் பார்த்தேன். சரிவு நெடுக ஓடை அறுத்திருந்தது. ஒன்றில் இறங்கி நின்றேன், முழங்கால் மறைந்தது. அதன் ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று, முட்டுக்குச்சியில் கட்டிய சணல்கூட அவிழாமல், வேர் வெளியே தெரியத் தொங்கியது. கரைந்த மண்ணில் பாதி என் மக்காச்சோளத்தின் மேல், மீதி ஏரி வாய்க்காலில். கன்று நன்றாக வேர்பிடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். மழை முதல் வருஷமே வந்துவிடுகிறது.

மேட்டில் கிடப்பது ஆழத்திலிருந்து வெட்டிக் கொட்டிய சுண்ணாம்புக் களி. நனைந்தால் குழையும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மட்கிய சத்தும் இல்லை, விதையும் இல்லை. வெறுங்களியை மழை என்ன செய்யும் என்பதை பெரம்பலூர் மாவட்டத்தில், மழை அறுத்த களிமேடுகள் உள்ள காரை என்ற ஊர்ப் பக்கம் போனவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து, நிலத்தைச் சீராக்கப் பயன்படுத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளே சொல்கின்றன. அதையும் வருஷக்கணக்கில் குவித்து வைத்தால் மண்ணில் உயிர் போய்விடும். எடுத்த கையோடு பரப்ப வேண்டும்.

முந்தின வருஷம் சரிந்த மண் மூடிய கால் ஏக்கரை நான் கைவிட இருந்தேன். "கிடை போட்டுப் பாரு தம்பி" என்றார் பெரியப்பா மகன். ஆனியில் பத்து ராத்திரி எருவுக்காகச் செம்மறி அடைத்தோம். பிறகு சரிவுக்குக் குறுக்கே மண்வெட்டியால் சால் இழுத்து, ரோட்டோரத்தில் உருவிய கொழுக்கட்டைப்புல் விதையையும், மணலோடு தேய்த்த கொழிஞ்சி என்ற பசுந்தாள் செடியின் விதையையும் தூவினேன். ஆவணியில் பச்சை தட்டியது. கொழிஞ்சியை ஆடு அவ்வளவாகக் கடிக்காது, அதனால் தங்கிவிட்டது. அதே ஐப்பசி மழையில் அந்தத் துண்டு மட்டும் நகரவில்லை. ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கினேன். வேரோடு கை நிறையக் களி வந்தது.

சுரங்கப் பணி முடித்தவர்கள் அங்கே மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரத்தக்க நிலமாக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று உத்தரவிட்டது. புல் என்றுதான் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மழை விட்ட மறுநாள் வந்து, மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டுகிறேன். கோடையில் கிடைக்காரர்கள் இடம் தேடி அலைகிறார்கள். மேட்டின் சமதளங்களில் அவர்கள் ஆடு அடைக்க அனுமதி கொடுங்கள். புல் முளைத்த பின் இரண்டு வருஷம் மேய்ச்சலை நிறுத்தி வையுங்கள். மரம் அதற்குப் பிறகு நடலாம், நாங்களும் வந்து நடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்