மகன்ர பிளாஸ்மா பாடம் பற்றி

மச்சான்,

எப்பிடி சுகம்? அம்மாவின்ர முழங்கால் நோ இப்ப பரவாயில்லையா? இஞ்ச வெள்ளவத்தையில ஒரே மழை, பின்னேரமானா காலி வீதி அசையாது, மற்றும்படி சுகம்தான். உன்ர மகன் கம்பஸில பிளாஸ்மா பாடம் எடுத்திருக்கிறான் எண்டு கேட்டு எனக்குச் சரியான சந்தோசம், அதுதான் உடன எழுதுறன்.

திண்மம், திரவம், வாயு, இன்னும் சூடாக்கினா பிளாஸ்மா எண்டு படிச்சதோட அவன நிக்க விடாத. எத்தின வீதம் அணுக்கள் இலத்திரன இழந்து அயனாகியிருக்கு எண்டதில்ல விசயம், மின்னேற்றமுள்ள துணிக்கையள் எல்லாம் கூட்டாச் சேந்து அசையுதா எண்டதுதான் விசயம். 300 கிலோமீற்றர் உயரத்தில அயன மண்டலத்தில, அதுதான் வளிமண்டலத்தின்ர அயனாகின மேல் படையில, ஆயிரம் நடுநிலைத் துணிக்கைக்கு ஒரு இலத்திரன் அளவிலதான் இருக்கும், எண்டாலும் அது அசல் பிளாஸ்மா. ஏனெண்டா இலத்திரனுகள கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளினா பின்னால நேரேற்றம் மிஞ்சும், அந்த மின்புலம் அதுகளத் திருப்பி இழுக்கும், வந்த வேகத்தில மற்றப் பக்கம் தாண்டிப் போகும், திரும்பவும் இழுபடும், இப்பிடியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தின்ர மீடிறன், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தின தரம் ஆடுது எண்டதுதான் பிளாஸ்மா மீடிறன். அது இலத்திரன் அடர்த்தியில மட்டும்தான் தங்கியிருக்கு, வெப்பநிலை அதுக்குள்ள வராது. ஒரு கன மீற்றரில எத்தின இலத்திரனோ அதின்ர வர்க்கமூலத்த 9ஆல பெருக்கினா ஹேட்ஸில கிடைக்கும்.

அயன மண்டலத்தில பகலில கன மீற்றருக்கு ஒரு லட்சம் கோடி அளவில இருக்கும், கணக்குப் போட்டா 9 மெகாஹேட்ஸ். அதுக்குக் குறைஞ்ச மீடிறன் உள்ள வானொலி அலைய நேர மேல அனுப்பினா உள்ள விடாது, திருப்பிவிடும், சரிவாப் போனா இன்னும் கூடின மீடிறனும் திரும்பும். இலங்கை வானொலிய சிற்றலையில தமிழ்நாட்டுச் சனம் அந்தக் காலத்தில கேட்டது இதாலதான், 100 மெகாஹேட்ஸ் எஃப்எம் மேல முட்டித் திரும்பாம விண்வெளிக்குப் போறதும் இதாலதான். இதப் படிப்பிக்கேக்க ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும் மச்சான்.

வெப்பநிலையிலதான் பெடியள் கூடக் குழம்பிறவை. எரியிற பழைய ரியூப் லைற்றத் தொட்டுப் பாத்தா இளஞ்சூடுதான், ஆனா உள்ளுக்க இலத்திரன்ர வெப்பநிலை 10,000 கெல்வின் அளவில. ரியூப்புக்குள்ள இருக்கிற ஆர்கன் வாயுவின்ர அணு இலத்திரனவிட 70,000 மடங்குக்கு மேல பாரம், அதால எவ்வளவு மோதினாலும் சக்தி பெரிசா கைமாறாது, வாயு பாட்டில ஆறியே கிடக்கும். 1928இல அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் பிளாஸ்மா எண்டு பெயர் வச்சதே இப்பிடியான மின்னிறக்கக் குழாயள ஆராயேக்கதான்.

ஃபியூஷன் எண்ட அணுக்கருச் சேர்க்கை, அதுக்குப் பிளாஸ்மாவக் காந்தப்புலத்தால அடைச்சு வைக்கிற தோகமாக் இயந்திரம் எல்லாம் பிறகு பாக்கலாம். காந்தப்புலத்தில ஒரு தனித்துணிக்கை எப்பிடிச் சுழண்டு நகருது எண்டு விளங்காம அதுக்குள்ள போனா கையில வெறும் சமன்பாடுதான் மிஞ்சும். இந்தக் கிழமை டிபாய் நீளத்த மட்டும் போட்டுப் பாக்கட்டும், ஒரு ஏற்றத்தின்ர செல்வாக்கு எவ்வளவு தூரத்தோட மறையுது எண்டு அது காட்டும், அயன மண்டலத்துக்குச் சில மில்லிமீற்றர் வரோணும். போட்டத வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லு, நான் இரவில பாத்துத் திருத்தி விடுறன்.

மிச்சம் போனில கதைப்பம்.