மேட்டுக் கோயிலும் இரண்டு புள்ளித் திரள்களும்

சுங்கை சிப்புட்

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் மகளுக்கு ஈப்போவிலேயே வேலை அமைந்துவிட்டது என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் நினைவு அப்படியே இருக்கிறது. "கடைசி லயன் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். மகளைப் பார்க்க ஜொகூரிலிருந்து வரும்போது இங்கே இறங்காமல் போய்விடாதே. நாம் வளர்ந்த லயத்தில் இப்போது சுவர்கூட மிச்சமில்லை. ரப்பர் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் மேட்டின் மேல் அப்படியே நிற்கிறது.

அந்த மேட்டைப் பற்றித்தான் நீ கேட்டிருந்தாய். சரிவு நகர்கிறதா என்று கோயில் நிர்வாகக் குழு கேட்டதால் போன ஆண்டு அக்டோபர் மழைக்கு முன் லேசர் ஸ்கேனரை வைத்து அளந்தேன். மழை முடிந்தபின் ட்ரோன் விட்டுப் படம் எடுத்து, அந்தப் படங்களிலிருந்து மேட்டின் வடிவத்தை மீட்டேன். இரண்டுமே கடைசியில் பல லட்சம் புள்ளிகளின் திரளாகத்தான் கைக்கு வருகின்றன. "ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முடிந்ததே" என்று எழுதியிருக்கிறாய். முடியவில்லையப்பா. முதல் திரளில் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் இரண்டாவதில் இணை கிடையாது. லேசர் தொட்ட அதே மணல் துகளைக் கேமரா மறுபடி தொடுவதில்லை. எதிலிருந்து எதைக் கழிப்பது?

எல்லாரும் முதலில் செய்வது, ஒவ்வொரு புள்ளிக்கும் மறுதிரளில் மிக அருகில் இருக்கும் புள்ளியைத் தேடி இடைவெளியை எடுப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் சில நொடி வேலை. மேடு முழுவதும் சராசரியாக நான்கு சென்டிமீட்டர் என்று வந்தது. அதைக் குழுவிடம் கொடுத்திருந்தால் பெரிய பிழையாகியிருக்கும். ஒரு சமதளத்தை நினைத்துக்கொள். அதில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் கட்டம் கட்டமாக இருக்கிறது. அதே தளத்தில், எதுவுமே நகராத நிலையில், வேறொரு புள்ளியை எங்கேயாவது வை. அருகிலுள்ள புள்ளிக்கு அதன் தூரம் சராசரியாக 3.8 சென்டிமீட்டர், அதிக அளவாக 7 சென்டிமீட்டர். மண் அசையாமலே அசைந்ததாகக் காட்டும். போதாக்குறைக்கு இந்தத் தூரத்துக்குக் கூட்டல் கழித்தல் குறி இல்லை. மண் சரிந்து போனதா, வந்து குவிந்ததா என்று சொல்லாது. இங்கிருந்து அங்கே அளந்தால் ஒரு விடை, அங்கிருந்து இங்கே அளந்தால் வேறு விடை. சரிவு தன் பரப்பை ஒட்டியே கீழே வழுக்கினால் அநேகமாக ஒன்றுமே தெரியாது.

உன் அப்பா ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றது நினைவிருக்கிறதா? வாளியின் எடையை மட்டும் பார்த்து யாரும் கணக்கு எழுதமாட்டார்கள். அளவு மிதவையை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்தபின்தான் எழுதுவார்கள். நல்ல பாலிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மழைத் தண்ணீர் கலந்தால் அதுவும் இல்லை. என் நான்கு சென்டிமீட்டர் அந்த வாளியின் எடை.

இப்போது நான் நம்புவது 2013இல் லாக், புரோது, லெரூ என்ற மூவர் வெளியிட்ட முறை. எம்3சி2 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நியூசிலாந்தின் ரங்கிடிகெய் ஆற்றுப் பள்ளத்தாக்கை அளப்பதற்காக உருவாக்கினார்கள். தேர்ந்தெடுத்த ஒவ்வோர் இடத்திலும் பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை முதலில் கணிக்கிறது. அந்தத் திசையில் ஒரு குழாயைச் செருகியதுபோல், குழாய்க்குள் விழும் முதல் திரளின் புள்ளிகளைச் சராசரியாக்குகிறது, இரண்டாம் திரளையும் அப்படியே. இரண்டு சராசரிகளுக்கும் இடையில் உள்ளதுதான் தூரம், குறியோடு வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. எவ்வளவுக்குக் குறைந்தால் பேசக் கூடாது என்ற எல்லையையும் ஒவ்வோர் இடத்துக்கும் சேர்த்தே தருகிறது. நம் மேட்டில் ஓரிடத்தில் லேசர் புள்ளிகள் 40, சிதறல் 2 சென்டிமீட்டர். படப் புள்ளிகள் 25, சிதறல் 4 சென்டிமீட்டர். இவற்றால் வரும் ஐயம் 0.86 சென்டிமீட்டர். இரு திரள்களையும் பொருத்தியதில் உள்ள பிழை 1.2 சென்டிமீட்டர். இரண்டையும் கூட்டி, 95 விழுக்காடு உறுதிக்கான எண்ணாகிய 1.96ஆல் பெருக்கினால் 4 சென்டிமீட்டர். அந்த இடத்தில் 3 சென்டிமீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு காட்டினாலும் நகர்ந்தது என்று நான் வாய் திறக்கமாட்டேன்.

பொருத்துவதில்தான் எனக்கு மூன்று நாள் போனது. இரு திரள்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் நகர்த்தியும் ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைக்க 1992இல் பெஸ்ல், மெக்கே இருவரும் விளக்கிய வழி இருக்கிறது. முதல் முறை மேடு முழுவதையும் அதனிடம் கொடுத்துவிட்டேன். அதன் வேலை வேறுபாட்டைக் குறைப்பது. மண் நகர்ந்ததையும் பிழையென்று எடுத்துக்கொண்டு மேடு முழுவதிலும் பரப்பிச் சமப்படுத்திவிட்டது. சரிவில் அசைவு குறைந்தது, அசையாத கோயில் தரை அசைந்தது! அதைப் பார்த்த பிறகே விழித்துக்கொண்டேன். அடுத்த முறை கோயிலின் கான்கிரீட் அடித்தளம், படிக்கட்டு, கீழே உள்ள பாலம் ஆகிய அசையாதவற்றை மட்டும் வைத்துப் பொருத்தினேன். லாலாங் புல் மண்டிய இடங்களையும் வெட்டி எறிந்தேன். லேசர் கதிரில் சில புல்லின் இடுக்கில் நுழைந்து மண்ணைத் தொடும், படத்திலோ புல்லின் தலைதான் தெரியும். அந்த இரண்டையும் ஒப்பிட்டால் புல் வளர்ந்த கதைதான் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு வந்தது இது: மேலே, கோயிலின் பின்புறம் ஒரு பட்டையில் 11 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கீழே 9 சென்டிமீட்டர் புடைத்திருக்கிறது. நடுவில் சொல்ல எதுவும் இல்லை. மேலே இறங்கிக் கீழே புடைத்தால் மண் ஒரே கட்டியாக நகர்கிறதோ என்று அஞ்ச வேண்டும். திருவிழாவுக்குப் பின்புறம் பந்தல் போட வேண்டாம், மண் பொறியாளரை உடனே அழையுங்கள் என்று குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவர் ஒத்துக்கொண்டார். மழைக்கு முன் இன்னொரு முறை அளப்பேன், இந்த முறை இரண்டு கருவிகளையும் ஒரே நாளில்.

உன்னிடம் ஒரு கேள்வி. மேலே இறங்கிய பட்டை வளைந்து வளைந்து போகிறது, இயற்கையாக விழுந்த விரிசலைப்போல் இல்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கால்வாய் ஒன்று இருந்ததல்லவா, உன் அப்பாவும் மற்றவர்களும் சேர்ந்து வெட்டியது? அது எங்கே திரும்பி உங்கள் வீட்டுப் பக்கம் இறங்கியது, எப்போது அதை மண் போட்டு மூடினார்கள்? உன் அண்ணனிடமும் கேள். ஒரு தாளில் கோடு போட்டு அனுப்பினால் போதும், என் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி